வன்னிக் குன்றுகளும் துறவோர் உறையுளும்

மலையாச்சிரமம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவன இமயச் சாரலின் இருடிகேசமும் தென்னகத்துத் திருவண்ணாமலையுமேயாகும். வன்னிப் பெருநிலத்தை அவ்வரிசையிற் சேர்த்து எண்ணுவார் அரியர். குளமும் வயலும் காடுமாய்த் தட்டையாகப் பரந்து கிடக்கும் இந்நிலத்தில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பவரும் உளர். கேள்வி நியாயமானதே. வன்னியில் மலை என வழங்குவன, தொல்பழங்காலக் கரும்பாறைகள் தேய்ந்து எஞ்சிய தனிக்குன்றுகளே. அவற்றுட் பல, சுற்றியுள்ள பாலை மரங்களையும் வீரை மரங்களையும் தாண்டித் தலை காட்டும் அளவுக்கு மட்டுமே உயர்ந்தவை. எனினும் ஊர்மக்கள் அவற்றை மலை என்றே சொல்வர். சமவெளியில் வாழ்பவனுக்கு ஏறி நின்று நாற்றிசையும் பார்க்க இடந்தருவது எதுவோ அதுவே மலை.

இக்குன்றுகளிலேதான் இலங்கையின் மிகப் பழைய துறவோர் உறையுள்கள் சில எழுத்துச் சான்றோடு காணப்படுகின்றன. அவற்றைப் பற்றி இன்று எழுதப்படுவனவெல்லாம் ‘மலை யாருக்குரியது?’ என்ற ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன. அங்கு யார் தங்கினர், எதை உண்டனர், யார் ஈந்தனர் என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டுவிட்டன. உரிமை வினாவை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்தன்று. ஆனால் பிந்திய வினாக்களுக்கு விடை தேடாமல் முந்திய வினாவை நேர்மையாக எதிர்கொள்ள இயலாது.

வவுனியாவிலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியே வடக்கே சென்று, புளியங்குளத்திற் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணிக்குச் செல்லும் வீதி வரும். நெடுங்கேணிக்கு அண்மையிலுள்ள ஒலுமடுவை அடுத்த காட்டிலே வெடுக்குநாறி மலை உள்ளது. அதன் உச்சியில் ஆதிலிங்கேசுவரர் வழிபடப்படுகிறார். போரினாற் பன்முறை இடம்பெயர்ந்து மீண்ட ஊர்கள் இவை. நான் சென்ற நாளிலே, வழியில் விறகு கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “மலைக்கோ தம்பி? வெயில் தாழ முந்தி இறங்கிப்போடுங்கோ, ஆனை நிக்குது” என்றார். மலையைப் பற்றி அன்று எனக்குக் கிடைத்த முதல் விளக்கம் அதுவே. அது அனுபவ அறிவு என்பதைப் பின்னர் வழியெங்கும் கிடந்த இலத்தி உணர்த்திற்று.

பாறைகளைக் காண்பதற்குமுன் ஒரு தொழில்நுட்பத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். இயற்கையான பாறைக் குகையொன்றைத் துறவி தங்குதற்கேற்ற இடமாக மாற்றுவது எது? குகையின் நெற்றியிலே, மேற்பாறை வெளியே நீண்டிருக்கும் பகுதியில், உளியால் நீளமாக வெட்டப்படும் ஒரு விளிம்பு. தமிழகத்துத் தொல்லியலாளர் இதனைக் காடி என்பர். பாறையின் மேற்புறத்திலிருந்து வழிந்து வரும் மழைநீர் பாறையைத் தழுவியபடியே குகைக்குள் இறங்கும் இயல்புடையது. காடி வெட்டப்பட்டால் நீர் அவ்விளிம்பை அடைந்ததும் தாங்கலின்றி வெளியே சொட்டிவிடும். ஒரு விரற்கடை வெட்டு ஒரு குகையை வீடாக்கிவிடுகிறது. அக்காடிக்குக் கீழே, மழை நனைக்காத இடத்தில், கொடையாளர் பெயர் பிராமி எழுத்தில் ஒருவரியாகப் பொறிக்கப்படும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் கி.பி. முதலாம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரிய இத்தகைய சாசனங்கள் இலங்கையில் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றின் பெருந்தொகுதியை செனரத் பரணவிதான 1970 இல் வெளியிட்டார்.

ஈண்டு ஒரு சிறு முரண்பாட்டைச் சுட்டாமல் அப்பாற் செல்ல இயலவில்லை. பௌத்த துறவியர் ஆண்டில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்ற கார்கால விதி வடஇந்தியப் பருவமழையை ஒட்டி எழுந்தது. ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி ஐப்பசியை அண்டி முடியும் அக்காலம் வன்னியில் மழைக்காலமே அன்று. நிலம் வெடித்து, குளங்கள் வற்றி, காட்டு விலங்குகள் நீர் தேடி அலையும் காலம். மாரி இங்கு ஐப்பசிக்குப் பின்னரே பொழிகின்றது. எனவே, விதிப்படி துறவி குகையிற் தங்கிய மாதங்களில் அவனுக்கு வேண்டியிருந்தது மழையிலிருந்து காப்பன்று, குடிநீரே. வன்னிக் குன்றுகளின் பாறைக் குழிகளிலும் சுனைகளிலும் தேங்கும் நீருக்கும், அடிவாரக் குளங்களுக்கும், இவ்வுறையுள்களுக்கும் உள்ள தொடர்பை இவ்வழியிலே நோக்கல் வேண்டும் என எண்ணுகிறேன். குளம் இன்றேல் குடி இல்லை. குடி இன்றேல் பிச்சை இல்லை. பிச்சை இன்றேல் துறவு இல்லை.

துறவி உலகைத் துறந்தவன் என்பது சமயநூல்களின் கூற்று. சமுதாய வரலாற்று நோக்கிற் பார்க்கையில், அவன் உற்பத்தியைத் துறந்தவனேயன்றி நுகர்வை முற்றாகத் துறந்தவனல்லன். எத்துணைக் குறைவாக உண்பினும் அவ்வுணவைப் பிறர் விளைவித்தாக வேண்டும். ஆகவே துறவோர் உறையுள் எங்குள்ளதோ, அங்கு நடந்து செல்லும் தூரத்தில் உபரி விளைச்சலுள்ள ஊர் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். இன்று காடாகக் கிடக்கும் இடத்திற் குகைச் சாசனங்கள் நெருங்கிக் காணப்படுமாயின், அவை அழிந்துபோன ஊர்களின் சான்றுமாகும். 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் போன்ற ஆங்கில நிருவாகிகள், உடைந்த குளங்களையும் காடடர்ந்த இடிபாடுகளையும் கண்டு வியந்தனர். வியப்பதற்கு அதிகமில்லை. குளம் உடைந்தால் ஊர் கலையும்; ஊர் கலைந்தால் குகையும் வெறிதாகும்.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துச் சாசனங்கள் இவ்வகையில் மிகுந்த பயன் தருவன. அங்கே அரச குலத்தவர் கொடை உண்டு: நாகன் என்னும் அரசனின் மகளும் உத்தி என்னும் அரசனின் மனைவியுமான அநுராதி என்பவள் பெயர் குகைகளிலே காணப்படுகிறது. நாகன் என்ற பெயரும், அநுராதபுரத்து அரச வரிசையில் அவனை எங்கு பொருத்துவது என்பதும் அறிஞர் வாதத்துக்குரியன. அவ்வாதத்துள் ஈண்டு புகவில்லை. நம் கவனத்துக்குரியது மற்றொரு கொடையாளன் பெயர். விசாகன் என்பான் ஒருவன். சாசனம் அவனைத் ‘தமேட’ வணிகன், குடும்பத் தலைவன் எனக் குறிக்கிறது. ‘தமேட’ என்பது தமிழன் எனப் பொருள்படும் பிராகிருத வடிவம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவன் குகையொன்றை அளித்தான். வேறொரு சாசனம் அவன் அமைத்த படிவரிசையையும் குறிக்கிறது.

இவ்விரு வரிகளைக் கொண்டு எத்துணை கட்டியெழுப்பலாம், எத்துணை கட்டக்கூடாது என்பதை அறிதல் ஆய்வாளன் கடமை. விசாகன் பேசிய மொழி தமிழாயிருத்தல் கூடும். அவன் கொடையைப் பொறித்த மொழியோ பிராகிருதம். அவன் பெயர் வடமொழி வழிப்பட்டது. அவன் கொடை பௌத்த துறவியர்க்குரியது. தொழிலால் அவன் வணிகன். இன்று நாம் ஒருவன்மேல் ஒட்டும் அடையாளச் சீட்டுகளுள் எதை எடுத்தாலும் அது அவனை முழுமையாக மூடுவதில்லை. தமிழன் என்ற அடையாளம் அவனுக்கு இருந்தது என்பதைச் சாசனமே கூறுகிறது. அவ்வடையாளம் பௌத்த துறவிக்கு ஈவதற்குத் தடையாக இருக்கவில்லை என்பதையும் அதே சாசனமே கூறுகிறது. அநுராதபுரத்திலும் தமிழ்க் குடும்பத் தலைவர் சிலர் கூடி எடுத்த மேடை ஒன்றின் சாசனம் உண்டு. அதில் அவர்தம் ஆசனங்கள் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் கப்பலோட்டி. இவை யாவும் பொதுவழிகளிற் பொருள்கொண்டு திரிந்த வணிகக் குழுக்களின் தடங்கள் என்று பேராசிரியர் கா. இந்திரபாலா போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதே காலத்திற் கடலுக்கு அப்பால் நடந்ததை ஒப்புநோக்குதல் தகும். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலே, மாங்குளத்திலும் அழகர்மலையிலும், காடி வெட்டப்பட்ட குகைகளும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிச் சாசனங்களும் உள்ளன. அங்கே தங்கியோர் பெரும்பாலும் சமணர். கொடையாளரோ நமக்கு அறிமுகமானவர்களே: அழகர்மலையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் பொற்கொல்லனும் பெயர் பொறித்துள்ளனர், மாங்குளத்தில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் தோன்றுகின்றனர். சமயம் வேறு, மொழி வேறு. ஆயினும் பாறை ஒன்று, காடி ஒன்று, ஈந்தவன் தொழிலும் ஏறத்தாழ ஒன்று. ஊர்ஊராகத் திரியும் வணிகனும் ஊர்ஊராகத் திரியும் துறவியும் ஒரே வழியிற் சென்றவர்கள். பாதுகாப்பற்ற காட்டுவழியில் ஒருவருக்கு மற்றவர் பயன்பட்டனர். வணிகன் பொருளால் உதவினான். துறவி அவனுக்குப் புண்ணியத்தையும், அதனினும் மேலாக, குலப்பிறப்பால் வாராத ஒரு மதிப்பையும் தந்தான். காடியை வெட்டிய கல்தச்சன் பெயரை மட்டும் எங்கும் காணோம். கொடுத்தவன் பெயர் கல்லிலே நிற்கிறது. செய்தவன் கைத்திறன் அதற்கு மேலே நிற்கிறது.

சொற்களும் இவ்வரலாற்றை உட்கொண்டே உள்ளன. தமிழிற் ‘பள்ளி’ என்பது துறவியின் படுக்கைக்கும் உறையுளுக்கும் வழங்கிப் பின்னர் கல்விக்கூடத்துக்கு ஆயிற்று. சிங்கள ஊர்களிற் பன்சல எனப்படும் விகாரையின் பெயர், பாளியிற் பன்னசாலா, வடமொழியிற் பர்ணசாலை, அதாவது இலைவேய்ந்த குடில். இராமன் வனத்தில் வாழ்ந்ததும் அதே பெயருள்ள குடிலிலேயே. ‘ஆச்சிரமம்’ என்ற சொல் உழைப்பு, வருத்தம் எனப் பொருள்படும் வேரடியாகப் பிறந்தது. அது முதலில் இடத்தைக் குறித்ததா, வாழ்க்கை முறையைக் குறித்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது. இலங்கையிற் பிறந்தவரான பற்றிக் ஒலிவெல் 1993 இல் வெளியிட்ட நூலில், நால்வகை ஆச்சிரமம் என்பது தொடக்கத்தில் ஒருவன் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிநிலைகளன்று, வாழ்நாள் முழுமைக்கும் ஒருவன் தெரிந்துகொள்ளக்கூடிய நான்கு வேறு வழிகள் என நிறுவினார். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறும் இயக்கங்கள் வலுப்பெற்ற சூழலில், அவற்றுக்கும் வைதிக மரபுக்குள் இடந்தேடிய முயற்சியாக இதனைக் காணலாம். துறவை முதுமைக்கு ஒத்திவைத்த ஒழுங்கு பின்னர் வந்ததே. அவ்வாறாயின், மலைக்குகையில் இருந்த பௌத்தனும் சமணனும் சைவத் தவசியும் ஒரே சமுதாய நெருக்கடிக்கு வெவ்வேறு விடைகூறிய அயலவர்கள் எனல் மிகையாகாது.

குகை எவ்வாறு நிறுவனமாகிறது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு திருவண்ணாமலையிலேயே உண்டு. 1896 இல் அவ்வூரை அடைந்த இரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சிக் குகையிலும், பின்னர் சற்று மேலே கந்தாச்சிரமத்திலும் வாழ்ந்தார். உடனிருந்தோர் ஊருக்குள் இறங்கிப் பிச்சையேற்று வந்ததைப் பகிர்ந்துண்ட காலம் அது. 1922 இல் தாயார் காலமாகி மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின்னரே, அச்சமாதியைச் சூழ்ந்து இன்றைய ஆச்சிரமம் எழுந்தது. சமையற்கட்டு, கோசாலை, நூல் வெளியீடு, சொத்து நிருவாகம், அதன்மேல் வழக்கு என்பன ஒவ்வொன்றாய்த் தொடர்ந்தன. குகைக்கு ஒரு காடி போதும். ஆச்சிரமத்துக்கு உறுதிப்பத்திரம் வேண்டும்.

வன்னியிலோ இம்மாற்றம் வேறு வடிவங் கொண்டது. இந்நிலத்திலே சைவத் துறவு மலையேறியதை விட வீதிக்கு இறங்கி வந்ததே அதிகம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் துறவு பூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பண்டகக் காப்பாளராகப் பணியாற்றியவர். கிளிநொச்சி ஜெயந்திநகரிலுள்ள மகாதேவ ஆச்சிரமம், ஆதரவற்ற சிறுவர்களின் இல்லமாகவே மக்களால் அறியப்படுவது. போர் பெற்றோரைப் பறித்த நிலத்தில் ஆச்சிரமம் என்ற சொல்லின் முதன்மைப் பொருள் தியான மண்டபமன்று, பிள்ளைகளின் பாயும் சோறுமாகும். முற்போக்காளர் சிலர் ஆச்சிரமம் என்றதும் முகஞ்சுளிப்பதுண்டு; இவ்வகை ஆச்சிரமங்களை அவர்கள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நன்று.

மீண்டும் குன்றுகளுக்கு வருவோம். குடிகள் கலைந்தபின் குகைகள் காட்டுக்குள் மறைந்தன. பல நூற்றாண்டுகளின் பின் தேன் எடுக்கவும் வேட்டையாடவும் மாடு தேடவும் வந்தவர்கள் அவற்றை மீண்டும் கண்டனர். பாறையையும் சுனையையும் கண்டவிடத்து அவர்கள் தாம் அறிந்த தெய்வத்தை வைத்தனர்: சிவன், ஐயனார், நாகதம்பிரான். இது ஆக்கிரமிப்புமன்று, மோசடியுமன்று. மக்கள் சமயம் எங்கும் இயங்கும் முறை இதுவே. அவ்வழிபாட்டின் தொன்மையைப் பிராமிக் காலத்துக்குக் கொண்டுசெல்ல முயல்வது எவ்வாறு தேவையற்றதோ, அவ்வாறே, அங்கே பிராமிச் சாசனம் உண்டு என்பதைக் காட்டி அவ்வழிபாட்டை அகற்ற முயல்வதும் அறிவுக்குப் பொருந்தாதது. காடி வெட்டிய குகைகளுட் பெரும்பாலான பௌத்த சங்கத்துக்கு ஈயப்பட்டவை என்பதை ஏற்பதில் நம்மவர்க்கு ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கத்தின் காரணம் வரலாற்றில் இல்லை. பௌத்தச் சின்னம் யாவும் சிங்களச் சின்னம் என்ற பிற்கால அரசியற் சமன்பாட்டை நாமும் நம்மை அறியாமல் ஏற்றுக்கொண்டமையே காரணம். தமிழ்ப் பௌத்தம் என்ற தொடரை மட்டும் மறுமொழியாக முழங்குவதும் அச்சமன்பாட்டை மறுபுறம் திருப்பிப் போடுவதேயாகும்.

அச்சமன்பாட்டுக்கு அரச அதிகாரம் துணைநிற்கும்போது விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் 2021 சனவரியில் அகழ்வு தொடங்கியது. தொல்பொருட் பணியாகத் தொடங்கியது புதிய பௌத்தக் கட்டுமானமாக வளர்ந்தமை நீதிமன்றம் வரை சென்றது. வெடுக்குநாறியிலோ, தொல்பொருட் சின்னம் என்ற காரணத்தாற் 2018 முதற்கொண்டே வழிபாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2023 மார்ச்சில் மலையிலிருந்த திருவுருவங்கள் பெயர்க்கப்பட்டும் சிதைக்கப்பட்டும் கிடக்கக் காணப்பட்டன. செய்தவர் எவராயினும் அவர் மலையின் மேல் அன்புடையவரல்லர். நீதிமன்ற அனுமதியின் பின் அவை மீள வைக்கப்பட்டன. 2024 மார்ச் 8 ஆம் நாள் சிவராத்திரி வழிபாட்டின்போது எண்மர் கைதாகி, மார்ச் 19 ஆம் நாள் விடுவிக்கப்பட்டனர்.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழஞ்சின்னங்களைக் காத்தற்கு எழுந்தது. காத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பொறிப்பின் மேல் எண்ணெய் வழியவிடுதலும் கற்பூரம் ஏற்றுதலும் சாசனத்துக்குக் கேடு என்பதை நம் கோயிலார்க்கும் எடுத்துச்சொல்லத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தார் அதனைச் செய்யாது பொலிசார் செய்யும்வரை காத்திருந்தோம் என்பது நம் குறை. ஆனால் காத்தல் என்பது ஒருசாராரின் வரவைத் தடுத்து மற்றொரு சாராரின் கட்டடத்துக்கு வழிவிடுவதாக அமையுமாயின், அதற்குத் தொல்லியல் என்ற பெயர் பொருந்தாது. கல்வெட்டைப் படித்தவர்கள் அதனைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். குகைச் சாசனங்களிற் பலவற்றில் மீளமீள வரும் ஒரு வாய்பாடு உண்டு: வந்தோரும் இனி வருவோருமாகிய நாற்றிசைச் சங்கத்தார்க்கு இக்குகை உரியது என்பது அதன் கருத்து. அன்று கொடுத்தவன் தன் ஊரவர்க்கு மட்டும் கொடுக்கவில்லை. பெயரும் முகமும் அறியாத வழிப்போக்கனுக்கே கொடுத்தான்.

வெடுக்குநாறியில் உச்சிக்கு ஏறுவது எளிதன்று. முதியோரும் பெண்களும் ஏறுதற்கென ஊரவர் ஓர் ஏணியை அமைத்தனர். தொல்பொருட் சின்னத்துக்கு ஊறு என்ற முறைப்பாட்டின் பேரில் அவ்வேணியும் வழக்குக்கு உட்பட்டது. அதே வவுனியா மாவட்டத்திலே, தமிழ் வணிகன் ஒருவன் குன்றொன்றில் ஏறுவோர்க்குப் படிவரிசை அமைத்த செய்தி, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லிற் கிடக்கிறது. அவன் படிக்கு யாரும் முறைப்பாடு செய்ததாகச் சாசனம் இல்லை.

வெயில் தாழுமுன் இறங்கிவிட்டேன். வழித்துணையாக வந்த ஊரவர், அடுத்த சிவராத்திரிக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, “வராமல்? நடந்து வாற தூரந்தானே ஐயா” என்றார்.